எல்லாரும் பிஸி, ரிலீஸ் மட்டும் நகரல: ஸ்க்ரம்மை விட்டுட்டு கான்பானுக்குப் போகலாமா?

ஓஎம்ஆர்_வாசி கேட்டது:

வணக்கம். சென்னையில ஒரு சின்ன ப்ராடக்ட் கம்பெனியில டெஸ்டரா சேர்ந்து, இப்ப டீம் லீடா இருக்கேன். மெடிக்கல் ஷாப்புகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம். பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, ஸ்டாக்கிஸ்ட்கிட்ட வாங்கின சரக்கோட என்ட்ரி, எச்1 ரெஜிஸ்டர் (கட்டுப்பாடு உள்ள சில மருந்தோட விற்பனைப் பதிவேடு), ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அதுக்குள்ள வரும். ஆறு டெவலப்பர், ரெண்டு டெஸ்டர், எதை முதல்ல செய்யணும்னு முடிவு பண்ற ஒரு ப்ராடக்ட் ஓனர், அப்புறம் நான்.

ஸ்க்ரம் முறையிலதான் வேலை. ரெண்டு வாரத்துக்கு இவ்வளவுன்னு எடுத்து முடிக்கற ஸ்பிரிண்ட். தினமும் காலையில ஸ்டாண்ட்-அப்னு ஒரு சின்ன மீட்டிங், கடைசியில எது சரியாப் போச்சு, எது போகலன்னு பேசற ரெட்ரோ, ஆரம்பத்துல ஒரு மதியம் முழுக்க ஆளாளுக்கு நம்பர் போட்ட போக்கர் கார்டு காட்டி, வேலை எவ்வளவு பெருசுன்னு ஸ்டோரி பாயின்ட் போடறது. எதையும் நாங்க விட்டு வைக்கல. ஆனாலும் ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடியறப்பவும் பாதி வேலை அடுத்ததுக்குத் தள்ளிப் போகுது. முதல் ஒரு வாரம் டெஸ்டர்ஸ் கையில ஒண்ணும் வராது. கடைசி ரெண்டு நாள்ல போர்டுல இருக்கற எல்லாக் கார்டும் (வேலைக்கு ஒரு கார்டு) ஒண்ணா வந்து விழும். நடுவுல கடைக்காரங்ககிட்ட இருந்து ஃபோன் வரும்: "கஸ்டமர் ஒரு ஸ்ட்ரிப் திருப்பிக் குடுத்தாரு, ரிட்டர்ன் போட்டா ஸ்டாக் ஏறல." அதை அப்பவே பார்க்காம இருக்க முடியாது.

இன்னைக்கு போர்டுல எண்ணிப் பார்த்தேன். ஆரம்பிச்சு முடியாம இருக்கிற கார்டு 31. கோடிங், ரிவ்யூ, டெஸ்டிங் மூணு கட்டத்துலயும் சேர்த்து. வாரத்துக்கு முடியறது சுமாரா ஆறு.

டைரக்டர் வெலாசிட்டியை, அதாவது ஒரு ஸ்பிரிண்ட்ல முடிக்கற பாயின்ட்டை, ஏத்தச் சொல்றார். பசங்க ஏற்கெனவே ராத்திரி வரைக்கும் இருக்காங்க, இதுக்கு மேல எங்கே ஏத்தறது? ஒரே ஒரு தடவை வேற மாதிரி நடந்துச்சு. 2025 செப்டம்பர் 3 அன்னைக்கு ஜிஎஸ்டி கவுன்சில் வரி மாத்தினாங்க இல்லையா, பெரும்பாலான மருந்து 12 சதவீதத்துல இருந்து 5க்கு வந்துச்சு, சிலதுக்கு வரியே இல்லைன்னு ஆச்சு. 22ஆம் தேதி அமல். அந்த வேலையை நேரத்துக்கு முன்னாடியே முடிச்சு எல்லாக் கடைக்கும் அனுப்பிட்டோம். அதுக்கப்புறம் பழையபடி.

அஜைல்னா என்ன, லீன்னா என்ன, ரெண்டும் ஒண்ணா வேற வேறயான்னு தேடினா எல்லாமே விளம்பரமா இருக்கு. ஸ்க்ரம்மை விட்டுட்டு, கையில இருக்கற வேலைக்கு எல்லை போடற கான்பானுக்குப் போனா சரியாகுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

கீழ்க்கட்டளை எழுதியது:

கைவிடுவதற்கு முன், நீங்கள் செய்வதில் ஸ்க்ரம் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்க்ரம்மை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பை ஒரே மூச்சில் படித்துவிடலாம், அவ்வளவு சிறியது. அதில் ஸ்டோரி பாயின்ட் கிடையாது. வெலாசிட்டி கிடையாது. போக்கர் கார்டும் கிடையாது. 'நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்விகளைக்கூட அந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஸ்பிரிண்டுக்கு எடுக்கும் வேலைப் பட்டியலை முன்பு வாக்குறுதி போலச் சொல்லியிருந்தார்கள், 2011இலேயே அதை முன்கணிப்பு என்று மாற்றியாயிற்று.

கைடு வற்புறுத்துவது வேறு இரண்டை. ஒவ்வொரு ஸ்பிரிண்டுக்கும் ஒரு இலக்கு வேண்டும். 'முடிந்தது' என்றால் என்ன என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறை வேண்டும். உங்கள் பதிவில் இரண்டுமே கண்ணில் படவில்லை. பதினைந்து கடைக்காரர்கள் கேட்ட பதினைந்து வேலைகளை ஒரு பெட்டியில் போட்டு ஸ்பிரிண்ட் என்று எழுதினால் இலக்கு எங்கிருந்து வரும்? டெஸ்ட் செய்யாத கார்டை 'டெவலப்மென்ட் முடிந்தது' என்று நகர்த்துகிறீர்களா? ஆம் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள்.

அஜைல் என்பது சிறு சிறு துண்டாகச் செய்து, காட்டி, திருத்திக்கொள்ளும் வழி; லீன் என்பது விரயத்தைக் குறைக்கும் டொயோட்டா வழி. இரண்டும் எதிரிகள் இல்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. ஆனால் ஸ்க்ரம் என்ற பெயர் அதற்கும் முந்தியது. டக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986 ஜனவரியில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் ரக்பி ஆட்டத்திலிருந்து எடுத்து ஆண்டார்கள். அவர்கள் பார்த்தது ஃபுஜி-ஜெராக்ஸ், கேனன், ஹோண்டா போன்ற கம்பெனிகள் புதுப் பொருள்களை உருவாக்கிய விதத்தை. அதாவது ஸ்க்ரம்மின் வேரும் ஜப்பானியக் கம்பெனிகள் வழியாகத்தான் வருகிறது.

தறிச்சத்தம் எழுதியது:

உங்க கேள்விக்குள்ளயே பதில் கிடக்குதுங்க, அந்த செப்டம்பர் சமாச்சாரத்துல. அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி லீன் எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிக்கறேன். லீன்னா ஆளைக் குறைக்கறதுன்னு நினைக்கற பெரியவங்ககிட்டப் பேசறப்ப இது கைக்கு உதவும்.

நான் சோமனூர்ப் பக்கம். தறி வீட்டுல பொறந்தவன், இப்ப கோயம்புத்தூர்ல சாஃப்ட்வேர் டெலிவரி பார்க்கறேன். சாதா விசைத்தறியில பாவு நூல் ஒண்ணு அறுந்தா தறி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். ஆள் கவனிக்கலீன்னா கெஜக்கணக்குல துணி பழுதாப் போயிரும். அதனால ஆளு கண்ணு தறியை விட்டு நகரக் கூடாது. சகிச்சி டொயோடா 1924ல முடிச்ச ஜி ரகத் தானியங்கித் தறி இந்த இடத்துலதான் கை வச்சுது. நூல் அறுந்தா தறி தானா நின்னுரும். பழுது பெருகாது, ஒரே ஆளு பல தறியைப் பார்த்துக்கலாம். அந்தக் காப்புரிமையை 1929ல இங்கிலாந்துல ஓல்டாம் ஊர்ல இருந்த பிளாட் பிரதர்ஸுக்கு வித்தாங்க. 1937ல டொயோட்டா கார் கம்பெனி தனியா ஆரம்பிச்சுது. கார் ஆலையில லீன் முறையைக் கட்டி எழுப்பின தைச்சி ஓனோவும் 1932ல டொயோடா நூற்பு நெசவு ஆலையில சேர்ந்து, 1943லதான் கார்ப் பக்கம் மாறினவரு. லீனோட முதல் பாதி தறியில இருந்து வந்ததுங்க: பழுது தெரிஞ்ச உடனே நிறுத்து, அடுத்த கைக்குத் தள்ளாத.

ரெண்டாவது பாதிதான் கான்பான். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுல கஸ்டமர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பறாங்க. அதே மாதிரி, அடுத்த மேடைக்காரன் எடுத்தாத்தான் முந்தின மேடைக்காரன் செய்யணும். எடுத்ததுக்கு அடையாளமா ஒரு அட்டை திரும்பி வரும், அதுக்குப் பேருதான் கான்பான். அட்டை வரலீன்னா செய்யக் கூடாது. ஓனோ ஏழு விதமான விரயத்தைப் பட்டியல் போட்டாரு. அதுல மோசமானது தேவைக்கு மேல செய்யறதுன்னு அவரு சொன்னதுக்குக் காரணம், அது மத்த விரயம் எல்லாத்தையும் மூடி மறைச்சுரும்.

கார் ஆலையில அரைகுறைச் சரக்கு கிடங்குல கண்ணுக்குத் தெரியும். சாஃப்ட்வேர்ல தெரியாது. லீனை சாஃப்ட்வேருக்குக் கொண்டு வந்து எழுதின மேரி பாப்பென்டீக், டாம் பாப்பென்டீக் தம்பதி இந்த ஏழு விரயத்தையும் சாஃப்ட்வேருக்கு மாத்தி எழுதினப்ப, பாதியில நிக்கற வேலையைத்தான் கிடங்குச் சரக்குக்கு ஈடா வச்சாங்க. அப்படிப் பார்த்தா உங்க 31 கார்டும் கிடங்கு. அதுக்குச் சம்பளம் குடுத்தாச்சு, ஒரு மெடிக்கல் ஷாப்புக்கும் இன்னும் அதால பிரயோஜனம் இல்லை.

இப்பக் கணக்கு. ஜான் லிட்டில்ங்கறவரு 1961ல நிரூபிச்ச ஒரு விதி இருக்குங்க. கையில இருக்கற வேலையை, முடியற வேகத்தால வகுத்தா, ஒரு வேலை முடிய சராசரியா எத்தனை நாள் ஆகும்னு வந்துரும். 31ஐ 6ஆல வகுங்க. ஐந்து வாரத்துக்கு மேல வருது. ஸ்பிரிண்ட் ரெண்டு வாரம். அப்புறம் எப்படிங்க பாதி வேலை தள்ளிப் போகாம இருக்கும்? உங்க பசங்க சோம்பேறிங்களும் இல்லை, பாயின்ட் தப்பாப் போட்டதும் இல்லை. கணக்கே அப்படித்தான். கையில இருக்கறதை 12ஆக் குறைச்சு, வாரத்துக்கு அதே ஆறு முடிச்சா, ஒவ்வொண்ணும் ரெண்டு வாரத்துல வெளிய போயிரும். ஒரு ஆளைக்கூடக் கூட்ட வேண்டாம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லைன்னு காட்ட ஹைதராபாத் கதை ஒண்ணு இருக்கு. மைக்ரோசாஃப்டோட உள் ஐடி பிரிவுல எக்ஸ்ஐடின்னு ஒரு பராமரிப்பு டீம். மேனேஜர் டிராகோஸ் டுமிட்ரியு இருந்தது அமெரிக்காவுல கம்பெனி தலைமையகம் இருக்கற ரெட்மண்ட்ல, கோடு எழுதினவங்களும் டெஸ்ட் பண்ணினவங்களும் ஹைதராபாத்ல. மூணு டெவலப்பர், மூணு டெஸ்டர். 2004ல அவரு பொறுப்பெடுத்தப்ப ஒரு கோரிக்கை உள்ள வந்து முடிஞ்சு வெளிய போக சராசரியா ஐந்து மாசம். வரிசையில எண்பது கோரிக்கைக்கு மேல காத்திருந்துச்சு. அந்த ஐடி பிரிவுலயே மோசமான டீம்னு பேரு.

கான்பானை சாஃப்ட்வேருக்குக் கொண்டு வந்த டேவிட் ஆண்டர்சன் கூட அவரு உட்கார்ந்து பார்த்தப்ப முதல்ல கண்ணுல பட்டது எஸ்டிமேட். புதுசா எந்தக் கோரிக்கை வந்தாலும் 48 மணி நேரத்துல தோராய மதிப்பீடு குடுக்கணும்னு விதி. அதுக்காகக் கையில இருக்கற வேலையைக் கீழ வச்சுட்டு டெவலப்பரும் டெஸ்டரும் பழைய கோடைப் பிரிச்சுப் படிக்கணும். டீமோட நேரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல இதுக்கே போயிட்டு இருந்துச்சு. மதிப்பிட்டதுல பலது கடைசி வரைக்கும் செய்யப்படவே இல்லை. எஸ்டிமேட்டை நிறுத்தினாங்க. ஒரு டெவலப்பர் கையில ஒரு நேரத்துக்கு ஒரு வேலை, முன்னாடி ஒரு சின்ன வரிசை, அவ்வளவுதான்னு எல்லை போட்டாங்க. அந்த வரிசையில இடம் காலியானா மட்டும், அடுத்து எதுன்னு பிசினஸ்காரங்க கூடிப் பேசி எடுத்துக் குடுக்கணும். எடுத்ததை 25 நாள்ல முடிச்சுத் தர்றோம்னு சொன்னாங்க. பின்னாடி டெஸ்டர்ல ஒருத்தரை டெவலப்மென்ட் பக்கம் மாத்தினதும், ரெண்டு பேரைச் சேர்த்ததும் உண்டு. ஒன்பது மாசத்துல சராசரி 14 நாளுக்கு இறங்குச்சு, முடியற வேலை மூணு மடங்குக்கு மேல ஆச்சு. முதல் பெரிய மாற்றம் ஆளே சேர்க்காம வந்துச்சுங்கறதை உங்க டைரக்டருக்கு அழுத்திச் சொல்லுங்க.

இப்ப செப்டம்பர். மூணாம் தேதி அறிவிப்பு, 22 அமல். அந்த நாள்கள்ல உங்க ஆறு டெவலப்பரும் எத்தனை கார்டு கையில வச்சிருந்தாங்க? வரி மாத்தற வேலை ஒண்ணுதான் இருந்திருக்கும். முதல் நாளே டெஸ்டர் பக்கத்துல உட்கார்ந்து, பழைய பேட்ச்ல 12 சதவீதத்துக்கு வாங்கின சரக்கை 5ல வித்தா என்ன ஆகும்னு கேட்டிருப்பாங்க. எது முக்கியம்னு யாருக்கும் சந்தேகம் இல்லை, நடுவுல வேற வேலையை யாரும் தூக்கிப் போடல. அன்னைக்கு வேகமா ஓடினதால முடியல. ஆரம்பிக்காம விட்டதால முடிஞ்சுது. அந்த ரெண்டரை வாரத்துல உங்க டீம் கான்பான்லதான் இருந்திருக்கு.

ஓஎம்ஆர்_வாசி எழுதியது:

தறிச்சத்தம் அண்ணா, செப்டம்பர் பத்தி நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. டெஸ்டர் ஒருத்தங்க முதல் நாளே பழைய எம்ஆர்பி ஸ்ட்ரிப் பத்திக் கேட்டாங்க, அதால டிசைனே மாறுச்சு.

உங்க பதிவைக் காட்டி டைரக்டர்கிட்டப் பேசினேன். கணக்கு அவருக்குப் புரியுது. ஆனா ஒரு இடத்துல நிக்கறார். "எல்லை போட்டா, அது நிறைஞ்சதும் டெவலப்பர் சும்மா உட்காருவானே, அவன் சம்பளத்துக்கு யார் பதில் சொல்றது?" இதுக்கு எனக்குச் சொல்லத் தெரியல.

கீழ்க்கட்டளை சார், 'டெவலப்மென்ட் முடிந்தது'ன்னு ஒரு கட்டமே போர்டுல வச்சிருக்கோம். எடுக்கறேன்.

தறிச்சத்தம் எழுதியது:

அவரு கேள்வி நியாயமானதுங்க. சம்பளம் குடுக்கறவரு அப்படித்தான் கேப்பாரு. ரெண்டு விதமா பதில் சொல்லலாம்.

வரிசைக் கணக்குல ஒரு அடிப்படைச் சூத்திரம். வேலை எப்ப வரும்னு தெரியாது, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் பிடிக்கும்னும் தெரியாது, செய்யறது ஒரு இடம். அந்த இடம் 80 சதவீத நேரம் பிஸியா இருந்தா, சராசரியா நாலு வேலை அங்க தேங்கி நிக்கும். 90ஆனா ஒன்பது. 95ஆனா பத்தொன்பது. நூறை நெருங்க நெருங்க தேக்கத்துக்கு எல்லையே இல்லை. மருந்துக்கடை சாஃப்ட்வேர்ல வேலை எப்ப வரும், எவ்வளவு பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஆளை நூறு சதவீதம் நிரப்பறதுக்கு விலையா வேலைதான் காத்துக் கிடக்குது. ஆளு சும்மா இருந்தா டைரக்டர் கண்ணுக்குத் தெரியுது, கார்டு சும்மா கிடந்தா தெரியல. ஒரு கார்டை எடுத்துக்கிட்டு அது எத்தனை நாள் கை பட்டுது, எத்தனை நாள் கை படாமக் கிடந்துச்சுன்னு தேதி போட்டு அவருக்குக் காட்டுங்க. நான் பார்த்த எந்த டீம்லயும் கை பட்ட நாள் அதிகமா இருந்து பார்த்ததில்லை.

அடுத்தது, எல்லை நிறைஞ்சா டெவலப்பர் சும்மா உட்காரணும்னு யாரும் சொல்லலீங்க. புதுசா ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான். போர்டுல வலது பக்கத்துல இருந்து பார்க்கணும். டெஸ்டிங்ல தேக்கம் இருந்தா போய் டெஸ்ட் பண்ணட்டும். ரிவ்யூ கிடந்தா ரிவ்யூ. அதுவும் இல்லைன்னா ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்குக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஃபைலை ஒவ்வொரு தடவையும் கையால சரிபார்க்கறீங்கன்னு நினைக்கறேன், அதுக்கு ஆட்டோமேஷன் எழுதட்டும். கென்ட் பெக் 1996ல கிரைஸ்லர் கார் கம்பெனியோட சம்பளக் கணக்கு ப்ராஜெக்ட்ல எக்ஸ்பி (எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்)ங்கற அஜைல் முறையை வளர்த்தப்ப, டெஸ்டைக் கோடோட கூடவே எழுதறதை மையமா வச்சாரு. போர்டை எவ்வளவு அழகா மாத்தினாலும் டெஸ்டிங் கையாலதான் நடக்கும்னா உங்க வேகம் ரெண்டு டெஸ்டரோட வேகம்தான். எனக்கு இதுல கோபமே வரும்ங்க. பாதி டீம்கள் அஜைல்னு மீட்டிங்கை மட்டும் எடுத்துக்கிட்டு இந்தக் கைவேலையை விட்டுட்டாங்க.

டெவலப்பர் டெஸ்ட் பண்ணினா கௌரவக் குறைச்சல்னு ஒரு பேச்சு வரும். டெஸ்டரா இருந்து வந்தவங்க நீங்க, அதை எப்படிக் கையாளறதுன்னு என்னை விட உங்களுக்குத் தெரியும்.

வைகைக்கரை எழுதியது:

நான் ப்ராடக்ட் பக்கம் வேலை பார்க்கிறவள், மதுரையிலிருந்து. இதுவரை எல்லாரும் வேலை எப்படி வேகமாக வெளியே போகும் என்று பேசுகிறீர்கள். வெளியே போவது தேவையான வேலைதானா என்று யாரும் கேட்கவில்லையே! அந்த 31 கார்டில் எத்தனையைக் கடைக்காரர் நிஜமாகவே பயன்படுத்தப் போகிறார்?

எம்விபி (மினிமம் வயபிள் ப்ராடக்ட்) என்ற சொல்லை ஃபிராங்க் ராபின்சன் 2001இல் உருவாக்கினார், 'லீன் ஸ்டார்ட்அப்' புத்தகம் எழுதிய எரிக் ரீஸ் பரப்பினார். அரைகுறையாகச் செய்து அனுப்பும் முதல் பதிப்புக்கு அந்தப் பெயரை வைத்துக் கெடுத்துவிட்டார்கள். அது ஒரு சந்தேகத்தைத் தீர்க்க ஆகும் மிகக் குறைந்த வேலை. இணையத்தில் ஷூ விற்கும் ஜாப்போஸ் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 1999இல் நிக் ஸ்வின்மர்ன், ஜனங்கள் இணையத்தில் செருப்பு வாங்குவார்களா என்று தெரிந்துகொள்ள கிடங்கு கட்டவில்லை. பக்கத்துக் கடையில் ஷூக்களைப் படம் எடுத்துப் போட்டார், ஆர்டர் வந்தால் அந்தக் கடையிலேயே வாங்கி அனுப்பினார். லாபத்துக்காகச் செய்ததில்லை அது, பதில் தெரிவதற்காக.

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். எக்ஸ்பைரி நெருங்கும் சரக்கை ஸ்டாக்கிஸ்ட்டிடம் திருப்பித் தருவது மெடிக்கல் ஷாப்காரர்களுக்குப் பெரிய தலைவலி. அதற்கு ஒரு ஸ்க்ரீன், ஸ்டாக்கிஸ்ட் வாரியாகப் பட்டியல், நினைவூட்டல், கிரெடிட் நோட் ஒப்பீடு என்று ஒரு பெரிய வேலை, இனிச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான உங்கள் பேக்லாகில் கட்டாயம் இருக்கும். அதைக் கட்டுவதற்கு முன்னால் பழக்கமான சில கடைகளுக்கு டேட்டாபேஸிலிருந்து கையால் பட்டியல் எடுத்து, திங்கட்கிழமை தோறும் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். ஸ்டாக்கிஸ்ட் பையன் வரும்போது கடைக்காரர் அந்தப் பட்டியலை எடுத்துக் காட்டுகிறாரா? ஒரு வாரம் அனுப்பாமல் விட்டால் ஃபோன் போட்டுக் கேட்கிறாரா? கேட்டால் கட்டுங்கள். கேட்கவில்லை என்றால் ஒரு பெரிய வேலையே மிச்சம். செய்யாமல் விடும் வேலையைக் கூட்டுவதும் ஒரு கலை என்று அந்த 2001 அறிக்கையின் பன்னிரண்டு கொள்கைகளிலேயே இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிக்குத்தான் மற்ற பதினொன்றும்.

இன்னொன்று, எது முதலில் என்பது. யார் சத்தமாகக் கேட்கிறார்கள் என்று பார்க்காமல், தாமதத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். புதுப் பொருள் உருவாக்கும் முறைகளைப் பற்றி எழுதும் டொனால்ட் ரைனர்ட்சென் வருடக்கணக்காக வலியுறுத்தும் கருத்து இது. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 போடுகிற கடைக்கு 11ஆம் தேதி கெடு. அந்த ஃபைலில் ஒரு பிழை இருந்தால், மாதக் கடைசியில் அது சின்ன விஷயம், 9ஆம் தேதி அதற்கு மேல் எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் கடை லோகோ பெரிதாக வேண்டும் என்பதற்கு என்றைக்கும் ஒரே விலைதான். இரண்டுக்கும் 'ஹை ப்ரையாரிட்டி' என்று ஒரே சிவப்பு முத்திரை குத்தினால் போர்டு எதையும் சொல்லாது.

கீழ்க்கட்டளை எழுதியது:

வைகைக்கரை சொன்னதோடு உடன்படுகிறேன். தறிச்சத்தத்தோடு ஒரு இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். எஸ்டிமேட்டை நிறுத்தியது அந்த ஹைதராபாத் அணிக்குப் பொருந்தியது, ஏனென்றால் அங்கே வந்தவை எல்லாம் சிறு திருத்தங்கள், பெரிதாக இருந்தால் வேறு ப்ராஜெக்டுக்குப் போய்விடும். புது மாட்யூல் கட்டும் அணி மதிப்பீட்டை அடியோடு விட்டால், பெரிய கார்டு ஒன்று உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும். எண் போட வேண்டாம், சரி. ஆனால் 'இது ஒரு வாரத்துக்குள் முடியுமா, இல்லை உடைக்க வேண்டுமா' என்ற பேச்சை விட்டுவிடாதீர்கள். போக்கர் கார்டின் பயனே, ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 13 என்றும் காட்டும்போது எழும் அந்தப் பேச்சுதான். ஸ்பிரிண்டையும் விட வேண்டியதில்லை. கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டும் பழக்கம் அதனால்தான் நிலைக்கிறது.

தறிச்சத்தம் எழுதியது:

நியாயம்ங்க, ஒத்துக்கறேன். உடைக்கற பேச்சு வேணும். ஸ்பிரிண்ட் தாளத்தை வச்சுக்கிட்டே எல்லையும் போடலாம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தடுக்காது.

ஓஎம்ஆர்_வாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டைரக்டர் அடுத்த மூணு ஸ்பிரிண்டுக்கு ஒத்துக்கிட்டார். வெலாசிட்டிக்குப் பதிலா, ஆரம்பிச்சதுல இருந்து கடைக்குப் போய்ச் சேர எத்தனை நாள்னு மட்டும் பார்க்கலாம்னு பேசியிருக்கோம். பொதுவான எல்லை 12. 31ல முடிக்க முடியாததைத் திருப்பி பேக்லாகுக்கே அனுப்பறோம். ப்ராடக்ட் ஓனர் வைகைக்கரை மேடம் சொன்ன எக்ஸ்பைரி பிடிஎஃப்பை தி.நகர், குரோம்பேட்டை கடைகள்ல ஆரம்பிக்கறாங்க. அந்த ஸ்க்ரீன் நிஜமாவே எங்க பேக்லாகுல இருக்கு, நாலு எபிக்கா (பல கார்டு சேர்ந்த பெரிய வேலைகளா).

ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. கடைக்காரர் அவசரமா ஃபோன் பண்ற பிழைகளை அந்த 12க்குள்ள சேர்க்கறதா, வெளிய வைக்கறதா? வெளிய வச்சா எல்லாமே அவசரம்னு வர ஆரம்பிச்சுடும்னு பயம்.

தறிச்சத்தம் எழுதியது:

தனி வரிசை போடுங்க, அதுக்கும் எல்லை ஒண்ணு. ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு அவசரம்தான். அது உள்ள இருக்கறப்ப ரெண்டாவது வந்தா, எது அவசரம்னு ப்ராடக்ட் ஓனர் முடிவு பண்ணட்டும், டெவலப்பர் இல்லை. பில் போட முடியல, ஸ்டாக் தப்பாப் போகுது, ரிட்டர்ன் கெடுவுக்குள்ள ஃபைல் வரல, இந்த மூணு மட்டும்தான் அந்த வரிசைக்குள்ள வரலாம்னு போர்டு மேலயே எழுதி ஒட்டுங்க. மத்த ஃபோன் எல்லாம் சாதாரணக் கார்டா 12க்குள்ள.

அவசரம் ஒவ்வொண்ணு முடிஞ்ச பின்னாடியும், அது எந்த ஸ்க்ரீன்ல இருந்து வந்துச்சுன்னு ஒரு வரி குறிச்சு வைங்க. நீங்க சொன்ன ரிட்டர்ன் போட்டா ஸ்டாக் ஏறாத பிழை ஒரே இடத்துல இருந்து திரும்பத் திரும்ப வருதுன்னா, தறியை நிறுத்தி அந்த நூலை முடிச்சுப் போட்டுட்டுத்தான் மேல ஓட்டணும்.